மில் ஹாஸ்டல் பெண்கள் பற்றி ப்ராஜெக்ட்: படிக்க ஒன்றுமே சிக்கவில்லை, எங்கே தேடுவது?

வெள்ளகோவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஊர் வெள்ளகோவில் பக்கம். ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யலாம் என்று நானேதான் டாபிக் எடுத்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மில் சங்கு கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் முன்னால் நடக்க, பிள்ளைகள் வரிசையாகக் கடைவீதிக்கு வந்து சோப்பும் பொட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போவார்கள். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இரண்டாவது அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முப்பது ஆய்வாவது படித்துவிட்டு எழுது என்று கைடு சொல்லிவிட்டார். 'மில் ஹாஸ்டல் பெண்கள் பிரச்சினை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடினால் செய்தித் துணுக்கும், காலேஜ் ஹாஸ்டல் மாணவிகளின் சாப்பாட்டைப் பற்றிய கட்டுரைகளும்தான் வருகின்றன. அபூர்வமாக ஒன்று பொருத்தமாக வந்து, திறந்து பார்த்தால், டாலரில் காசு கேட்கிறது. அந்தக் காசுக்கு ஒரு மாத மெஸ் பில்லைக் கட்டிவிடலாம்.

அவசரத்தில் ஒரு கூத்தும் நடந்துவிட்டது. ஏ.ஐ. செயலி ஒன்றிடம் கேட்டேன். பன்னிரண்டு கட்டுரைகளை ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் போட்டு அச்சடித்த மாதிரி கொடுத்தது. அப்படியே ஒட்டி கைடுக்கு அனுப்பிவிட்டேன். நாலாவது கட்டுரையைக் கொண்டுவா, நானும் படிக்கிறேன் என்றார். போய்ப் பார்த்தால் அந்த இதழின் அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடக் கழிப்பறைகளைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டில் மூன்றுதான் நிஜமாகவே இருந்தன. கைடு திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சிரித்தார்.

சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், கொடுக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. காசு கொடுக்காமல் படிக்க வழி உண்டா? எதை நம்பி எடுக்கலாம்?

சிங்காநல்லூர் சிவா எழுதியது:

ஆய்வுக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலர்ல தேடினீங்களா? முதல்ல அதைப் பண்ணுங்க. அப்புறம், நான் தப்பா சொல்லலை, டாபிக்கை மாத்திடுங்க. 'பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பணித் திருப்தி'ன்னு எடுத்தா ஐநூறு ஆய்வு கெடக்கும். நாங்க அப்படித்தான் முடிச்சோம். மில்லுக்குள்ள உங்களை எவனும் விடமாட்டான்.

நூலகத்து அக்கா எழுதியது:

கண்ணு, டாபிக்கை மாற்றாதே. சிவா தம்பி சொன்ன அந்த ஐநூறில் ஒரு நூறு எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது, மேலட்டையை மாற்றினால் உள்ளே எல்லாம் ஒன்றுதான். நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்து, நாலு வருஷம் களத்தில் அலைந்து, அப்புறம் நூலகப் படிப்புப் படித்து ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக உட்கார்ந்திருப்பவள். 'மேடம், ஒன்றுமே கிடைக்கலை' என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, என்ன சொல்லைப் போட்டுத் தேடினாய் என்பதைத்தான்.

நீ தேடியது உன் திண்ணையிலிருந்து தெரிகிற சொல். ஆய்வு செய்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி ஆள் எடுத்தார்களே, அதற்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம். சில மில்களில் மாங்கல்யத் திட்டம், சில இடத்தில் திருமகள் திருமணத் திட்டம். தொழிற்சங்கக்காரர்கள் கேம்ப் கூலி என்றார்கள். வெளிநாட்டு அறிக்கைகளில் 'கொத்தடிமை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் கீழே இருக்கும். ஆங்கில எழுத்தில் 'சுமங்கலி' என்று மட்டும் போட்டு ஸ்காலரில் தேடிப் பார், அப்புறம் பேசுவோம்.

ஊர்ப் பெயரிலும் இதே வம்புதான். திருப்பூருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டு எழுதியவர்கள் பாதி, இரண்டு 'பி' போட்டவர்கள் பாதி. இரண்டையும் தேடு. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பாய்தானே? அதற்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1960-களில் தங்கி பிரெண்டா பெக் என்ற அம்மையார் ஆய்வு செய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவர் புத்தகம் 1972-ல் வந்தது. தலைப்பில் கொங்கு என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'ஜி' போடாமல் 'கே' போட்டு எழுதியிருப்பார். எங்கள் பிள்ளைகள் யாருக்கும் அது தேடலில் வரவே வராது. உன் டாபிக்குக்கு அது நேராக உதவாது, ஆனால் உன் ஊரைப் பற்றி இவ்வளவு தூரம் வந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு தெம்பு வரும்.

மாவட்டப் பெயர் இதைவிட மோசம். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-ல்தான். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் எல்லாம் அதற்கு முன்னால் ஈரோடு மாவட்டம். அதற்கும் பெரியார் மாவட்டம் என்று ஒரு காலம் பெயர் இருந்தது. 1979-க்கு முன்னால் மொத்தமும் கோயமுத்தூர். ஆக 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'திருப்பூர் மாவட்டம்' என்று தேடிக்கொண்டிருந்தால் விடிய விடியத் தேடினாலும் வராது, ஈரோடு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். அவிநாசி, பல்லடம் என்றால் கோயமுத்தூர்க் கையேடு. குமாரபாளையத்தை எடுத்துக்கொள். 1997-க்கு முன்னால் சேலம், இப்போது நாமக்கல். பவானி, குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி கீர்ட் டி நெவே 2005-ல் எழுதிய புத்தகத்தை நாமக்கல் என்ற சொல்லை மட்டும் நம்பித் தேடினால் தவறவிடுவாய். அவரும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூர்த் தொழிலாளர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகம். அவர்கள் பெயரைப் போட்டே தேடலாம்.

இனி காசு விஷயம். ஸ்காலரில் ஒரு கட்டுரை வந்தால் தலைப்பைக் கிளிக் செய்யாதே. அதற்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். பதிப்பகம் காசு கேட்கிற அதே கட்டுரையை, எழுதியவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் சும்மா போட்டு வைத்திருப்பார். பக்கத்திலேயே 'இதை மேற்கோள் காட்டியவை' என்று ஒரு எண் இருக்கிறது பார், அதுதான் தங்கச் சுரங்கம். 2011-ல் வந்த ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதற்குப் பின்னால் அதைப் படித்து எழுதிய அத்தனை பேரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடு. நான் இதுவரை ஏழெட்டுப் பேருக்குப் போட்டிருக்கிறேன், இரண்டு பேரைத் தவிர எல்லாரும் அனுப்பினார்கள். ஒருத்தர் கட்டுரையோடு தன் மாணவியின் கேள்வித்தாளையும் சேர்த்து அனுப்பினார்.

ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் சும்மா ஒரு கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. 2025-லிருந்து மத்திய அரசின் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் வந்திருக்கிறது. சுமார் 13,000 ஆய்விதழ்களை அதில் படிக்கலாம். ஆனால் அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. உன் தனியார் கல்லூரியிலிருந்து திறக்காது. கைடிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பாரதியார் பல்கலைக்கழக நூலகத்தில் போய், உட்கார்ந்து படிக்க முடியுமா என்று கேட்டுப் பார். மருதமலை பஸ் ஏறினால் அரை மணி நேரம், கேட்பதில் என்ன நஷ்டம்?

ஷோத்கங்காவைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைக் குவித்து வைத்திருக்கும் தளம், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. முழுதும் இலவசம். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். பிள்ளைகள் நேராக முடிவுரைக்குப் போவார்கள். நீ இரண்டாவது அத்தியாயத்தையும் கடைசியில் இருக்கும் பின்னிணைப்பையும் எடு. முன்னவர் என்னென்ன படித்தார் என்பது அந்த அத்தியாயத்தில் இருக்கும், என்ன கேள்வி கேட்டார் என்பது பின்னிணைப்பில் இருக்கும். அந்த ஆய்வேடுகளில் எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். சிலதைப் படித்தால் நாமே எழுதிவிடலாம் என்று தைரியம் வரும், அதுவும் ஒரு உதவிதான். ஆனால் அவர் சுருக்கியதை நீ சுருக்காதே. மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு உன் வார்த்தையில் எழுது.

தொண்டு நிறுவன அறிக்கைகள் தனி ரகம். பன்னாட்டுக் கம்பெனிகளை ஆராயும் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியா கமிட்டி ஆஃப் நெதர்லாண்ட்ஸும் சேர்ந்து 2011-ல் ஒன்று, 2014-ல் ஒன்று என்று இந்த மில் பெண்களைப் பற்றியே வெளியிட்டன. 2014 அறிக்கை தமிழ்நாட்டில் 5 மில்களை எடுத்துப் பார்த்தது. இரண்டும் இலவசம். படி, ஆனால் எதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்காதே. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளை அசைக்க எழுதியவை அவை. பொய் என்று சொல்லவில்லை. எத்தனை பேரிடம் பேசினார்கள், அந்தப் பெண்களை எப்படிச் சந்தித்தார்கள் என்ற பக்கத்தை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி என்கிறேன்.

அரசாங்கக் காகிதத்தை யாரும் தொடுவதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். தமிழிலேயே இருக்கும். தொழிலாளர் நலத் துறையுடையது, சமூக நலத் துறையுடையது இரண்டையும் வருஷவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தால், எந்த வருஷம் எந்தச் சொல் நுழைந்தது, எது காணாமல் போனது என்று தெரியும். அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத் தாள்களும் இணையத்தில் இருக்கின்றன.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21. திருப்பூருக்குத் தனித் தாளே உண்டு. எல்லாரும் அதிலிருந்து ரத்தசோகைக் கணக்கை எடுத்து முதல் அத்தியாயத்தில் ஒட்டுவார்கள். நீ ஒட்டும் முன் யோசி. அது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. ஹாஸ்டல் வீடு இல்லை. நீ ஆராயும் ஹாஸ்டல் பிள்ளைகள் அதில் இல்லவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் விடுதிகளை 'நிறுவனக் குடும்பம்' என்று தனியாக எண்ணுவார்கள். அதுவும் கடைசியாக 2011-ல் எடுத்தது. இந்த ஒரு விஷயத்தை இரண்டு பத்தி எழுதினாலே உன் கைடு நிமிர்ந்து உட்காருவார்.

ஏ.ஐ. கதையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், உன் கைடே சிரித்துவிட்டார். தேடுசொல் யோசிக்க மட்டும் அதைக் கேள், கட்டுரை கேட்காதே. வெசனப்படாமல் வேலையைப் பார்.

முத்தூர் மில்காரர் எழுதியது:

அக்கா நன்றாகச் சொல்லிவிட்டார். நான் அந்தப் பக்கத்து ஆள், மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் பதினாலு வருஷம். எங்களைத் திட்டாமல் ஒரு ப்ராஜெக்டும் முடிவதில்லை, பழகிவிட்டது. அதனால் உதவாமல் போகவில்லை.

அம்முணி, கேட்டில் வந்து நின்று 'சுமங்கலி' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அப்ரண்டிஸ், டிரெய்னி, ஹாஸ்டல் ஒர்க்கர் என்றுதான் இருக்கும். அக்கா சொன்ன சொற்களோடு இதையும் சேர்த்துத் தேடுங்கள், மில் தரப்பிலிருந்து எழுதியவை அப்போதுதான் வரும். கோயமுத்தூரில் தென்னிந்திய மில்கள் சங்கம் 1933-லிருந்து இருக்கிறது. ஹாஸ்டல் நடத்துவதற்கு அவர்கள் வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் வைத்தால்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நிற்க முடியும்.

இன்னொன்று. 2014-ல் தமிழ்நாடு அரசு மகளிர், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை மில் ஹாஸ்டலுக்கு உரிமம் இருக்கிறது என்பது சமூக நல அலுவலகத்தில் காகிதமாக இருக்கத்தான் வேண்டும்.

ஆள் மாறிவிட்டதையும் கவனியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹாஸ்டல் முழுக்கத் தெற்கத்திப் பிள்ளைகள். இப்போது எங்கள் ஹாஸ்டலில் பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட். மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறோம். 2011-ல் எழுதியதை வைத்துக்கொண்டு இன்றைக்கு உள்ளே வந்தால் உங்கள் கேள்வித்தாளைப் படிக்கவே ஆள் இருக்காது.

வெள்ளகோவில்காரி எழுதியது:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. இரண்டு 'பி' போட்டும் ஒரு 'பி' போட்டும் தேடினேன். சுமங்கலி என்று போட்டதுமே மடமடவென்று கொட்டிவிட்டது. ஆறு நாளில் இருபத்திரண்டு சேர்ந்திருக்கிறது, எல்லாம் நிஜமாகவே இருப்பவை, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டேன். ஓலப்பாளையம் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். வெள்ளைக்காரம்மா ஒருத்தி அங்கே குடியிருந்ததாக ஆத்தா சொல்லும் என்றார். நான்தான் கதை விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். மொத்தம் எத்தனை பெண்கள் இப்படி வேலை செய்தார்கள் என்று ஒரு எண் மூன்று அறிக்கையில் ஒரே மாதிரி வருகிறது. மூன்று பேர் சொல்வதால் நம்பி எடுத்துக்கொள்ளலாமா?

அண்ணா, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களிடம் எப்படிப் பேசுவது?

நூலகத்து அக்கா எழுதியது:

மூன்று பேர் சொல்கிறார்களா, ஒருத்தர் சொன்னதை மூன்று பேர் திருப்பிச் சொல்கிறார்களா, அதைப் பார். என் எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேட்டில் நானும் இப்படி ஒரு எண்ணை முதல் பக்கத்திலேயே போட்டேன். வைவாவுக்கு வந்தவர், இதை யார் எண்ணினார்கள் அம்மா என்று கேட்டார். அறிக்கையின் பெயரைச் சொன்னேன். அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்றார். தெரியவில்லை. வெளியே வந்த பிறகு ரோஷத்தில் தேடிப் போனேன். அந்த அறிக்கை இன்னொரு அறிக்கையைக் காட்டியது, அது ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டியது, செய்தியில் 'என்று கூறப்படுகிறது' என்று இருந்தது. அதற்கு மேல் படியே இல்லை. அதனால் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கு. எண்ணியவர் யார், எந்த வருஷம், எப்படி எண்ணினார் என்பது கடைசியில் கிடைத்தால் எடுத்துக்கொள். கிடைக்காவிட்டால் எண்ணை விட்டுவிடு, இந்த எண் எங்கே போய் நின்றுவிட்டது என்பதையே எழுது.

மில்காரத் தம்பி சொன்ன உரிமக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உனக்கு இருப்பது மூன்று வாரம், அதனால் சினாப்சிஸுக்கு வராது, ஆய்வேட்டுக்கு வரும். இன்றைக்கே போட்டுவிடு. 'ஏன்', 'எதனால்' என்று கேட்காதே. எத்தனை உரிமம், எந்தெந்த வருஷம், எந்த வட்டம் என்று மட்டும் கேள்.

முத்தூர் மில்காரர் எழுதியது:

பதினெட்டு ஆகாதவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பேசாதீர்கள், வார்டன் சம்மதம் சம்மதமே இல்லை. வார்டன் பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையை முடித்துவிட்டு ஊருக்குப் போனவர்களை அவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். பொங்கல் லீவில் இங்கே இருப்பவர்களும் ஊரில்தான் இருப்பார்கள், பொழுதோட போனால் ஆற அமரப் பேசலாம். மில் பெயரை எழுத வேண்டாம், பிள்ளைகள் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். வட்டம் ஒன்று, ஷிப்ட் ஒன்று, வயசு ஒன்று என்று மூன்றையும் சேர்த்துப் போட்டாலே யாரென்று எங்கள் ஆள்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிங்காநல்லூர் சிவா எழுதியது:

அக்கா, அந்த அலமாரியில இருக்கிற நூறுல என்னோடதும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. மேலட்டை பச்சை கலர்.